படிப்பகத்துத் தரையில் சாய்ந்த கோடுகள்

பர்வீன், உனக்கு அத்தாவின் சலாம். இங்கே கடை, வீடு, தெரு எல்லாம் சௌக்கியம். உன் அம்மாவின் முழங்கால் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இதை நான் கையால் எழுதி முடித்ததும் அவள் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பப் போகிறாள். அதனால் அவளைப் பற்றி இதில் குறையாக ஒன்றும் இருக்காது. என்னைப் பற்றித்தான் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசி வைத்ததிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. நீ சொன்னது நல்ல சேதிதான். ஜெர்மனிக்குப் போய் இரண்டு மாதத்திலேயே அருங்காட்சியகத்தில் வேலை. இஸ்லாமியக் கலைப்பொருட்களும் பழைய வானசாஸ்திரக் கருவிகளும் வைத்திருக்கிற கூடத்துக்கு வரும் பொதுமக்களுக்கு அவற்றை எடுத்துச்சொல்கிற வேலை. உன் அம்மா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்துவிட்டாள். ஆனால் நீ கடைசியில் ஒன்று சொன்னாயே: "அடுத்த வாரம் என் முதல் நாள் அத்தா. முதல்ல உங்க கதையத்தான் சொல்லப் போறேன். கள்ளக்குறிச்சியில ஒரு கடிகாரக் கடைக்காரர், ஒரே ஒரு மூங்கில் கொம்ப நட்டு, மக்கா எந்தப் பக்கம்னு கண்டுபிடிச்சு, படிப்பகத்துச் சுவர் தப்புன்னு ஊருக்கே நிரூபிச்சாரு." நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். நீ அதை அடக்கம் என்று நினைத்திருப்பாய். அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை மகளே. அந்தக் கதையில் மூங்கில் நிஜம், கடிகாரக் கடைக்காரர் நிஜம். சுவர் தப்பு என்று நிரூபித்தது நான் இல்லை. அந்தத் தப்புச் சுவரைக் கட்டவைத்தவன்தான் நான். உன் ஆறு வயதிலிருந்து உனக்கு ஒரு அழகான பொய்யைச் சொல்லி வளர்த்திருக்கிறேன். அதை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு போய்ச்சேர்ந்திருப்பேன். நீ அதை நூறு பேர் முன்னால், உண்மையைச் சொல்வதற்கென்றே கட்டிய ஒரு இடத்தில் நின்று சொல்லப்போகிறாய். அதற்கு முன் நான் முந்திக்கொள்ள வேண்டும். உன் கண்ணில் அத்தா கொஞ்சம் குள்ளமாகிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

நீ பிறப்பதற்குச் சில வருஷங்கள் முன்னால் நாங்கள் ஐந்து கடைக்காரர்கள் சேர்ந்து அந்தப் படிப்பகத்தைக் கட்டினோம். இடஒதுக்கீடு கேட்டு நம் பக்கமெல்லாம் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. ஊரில் யாரைப் பார்த்தாலும் 'எங்களுக்கு இது வேண்டும், எங்களுக்கு அது இல்லை' என்றுதான் பேச்சு. எங்களுக்கும் ரோஷம் வந்துவிட்டது. நம்மைப் பற்றி ஊர்க்காரர்களுக்குப் பிரியாணியும் பெருநாளும் தவிர ஒன்றும் தெரியவில்லையே, நம் ஆட்கள் கணக்குப் போட்டதும், நட்சத்திரத்துக்குப் பெயர் வைத்ததும், காகிதம் செய்ததும், கோபுரமும் குவிமாடமும் கட்டியதும் சொல்ல ஒரு இடம் வேண்டாமா என்று கிளம்பினோம். உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் அதெல்லாம் தெரியாது. அடுத்தவர்களுக்குச் சொல்லவேண்டுமே என்றுதான் நாங்கள் முதன்முதலாகப் படித்தோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். யாரும் வரலாம், டீ உண்டு. டீக்கு வந்தவர்களில் பாதிப்பேர் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் போனார்கள் என்பதை இன்றும் பெருமையாகச் சொல்வேன்.

கட்டடத்துக்குள் ஒரு பக்கம் புத்தக அலமாரி, மறுபக்கம் தொழுவதற்கு இடம். மேற்குச் சுவரில் இமாம் நிற்கிற மாடம். அந்த மாடத்தைச் சுற்றி எட்டு மூலை நட்சத்திரங்கள் பூச்சுவேலையில் இருக்கிறதே, அதைச் செய்தவர் கொத்தனார் சுப்பராயன். நான் ஒரு புத்தகத்தில் படத்தைக் காட்டினேன். அவர் படத்தை ரொம்ப நேரம் பார்க்கவில்லை. ஒரு ஆணி, ஒரு நூல், ஒரு வட்டம். அந்த வட்டத்திலிருந்தே அத்தனை நட்சத்திரத்தையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "எல்லாம் ஒரே நூலுதாங்க பாய். கணக்கு தெரிஞ்சவன் போட்டுருக்கான்" என்றார். அந்தப் படத்தைப் பற்றி நான் பிறகு எத்தனையோ புத்தகம் படித்தேன். அவர் சொன்னதற்கு மேல் ஒன்றும் பெரிதாகத் தெரிந்துகொள்ளவில்லை. உன் கூடத்தில் அப்படி ஒரு ஓடு இருந்தால், வருகிறவர்கள் கையில் ஒரு நூலைக் கொடு. வாயால் விளக்கிக்கொண்டே இருக்காதே.

அந்தச் சுவருக்குக் கயிறு பிடித்தது நான். நான் கடிகாரக் கடைக்காரன். ரேடியோவில் மணி அடிக்கும்போது என் கைக்கடிகாரத்தின் முள் சரியாக அங்கே நிற்கும். பையில் ஒரு காம்பஸ் வேறு. ஊரில் நேரம் கேட்க வேண்டுமானால் என்னிடம்தான் வருவார்கள். அந்தக் கொழுப்பில் தொழும்போது பார்க்க வேண்டிய திசையும் எனக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். "கிப்லான்னா மேற்கு. இதுல யோசிக்க இன்னா இருக்கு" என்று காம்பஸை வைத்து நேர் மேற்கே பார்த்துச் சுவரை எழுப்பவைத்தேன். நம் ஊரில் சின்ன வயதிலிருந்து எல்லோரும் மேற்கே பார்த்துத்தான் தொழுகிறோம், யாரும் கேள்வி கேட்கவில்லை. சுவர் முடிந்து பூச்சும் காய்ந்த பிறகு, நம் பள்ளிவாசல் அஜ்ரத் வந்து பார்த்தார். மெலிந்த மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். மாடத்தைத் தடவிப் பார்த்து, நட்சத்திரத்தை மெச்சிவிட்டு, "மக்கா நமக்கு நேர் மேக்கால இல்லீங்களே. கொஞ்சம் வடக்கே தள்ளில்ல இருக்கு" என்றார். பூகோளப் படத்தைப் பார்த்திருந்தாலே எனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டாரே! எனக்குச் சுருக்கென்றது.

அவர்தான் வழியும் சொன்னார். வருஷத்தில் இரண்டு நாள், மே மாதக் கடைசியில் ஒன்று, ஜூலை நடுவில் ஒன்று, மக்காவில் உச்சிப்பொழுதில் சூரியன் கஅபாவுக்கு நேர் தலைக்கு மேல் நிற்கும். அந்த நிமிஷத்தில் அங்கே கஅபாவுக்கு நிழலே இருக்காது. அதே நிமிஷத்தில் உலகத்தில் எங்கே இருந்தாலும், வெயில் தெரிகிற ஊராக இருந்தால், சூரியனைப் பார்த்து நின்றால் மக்காவைப் பார்த்து நிற்பதாக அர்த்தம். ஒரு கொம்பை நட்டு அதன் நிழலில் கோடு போட்டால் போதும். பழைய காலத்து ஆலிம்கள் கணக்குப் போட்டுக் கண்டது இது என்றார். நம் கடிகாரத்தில் மே மாதத்து நிமிஷம், மதியம் மூன்றாக இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும்போது வரும். நான் உடனே, "ஊரக் கூட்டிப் பாத்துடலாம். நிழலு என் சுவத்துக்கு நேரா விழலன்னா இந்த மாடத்த என் கையாலயே இடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அஜ்ரத் சிரித்தார். நான் நோட்டீஸே அடித்துவிட்டேன்: பொதுமக்கள் அனைவரும் வந்து நிழலைக் காணலாம் என்று. உன் அம்மாவைக் கல்யாணம் செய்து அப்போது ஆறு மாதம். நோட்டீஸைப் படித்துவிட்டு, "ஒரு நாளு முன்னாடி வூட்டுப் பின்னால ஒரு குச்சிய நட்டுப் பாத்துக்கக்கூடாதுங்களா?" என்று கேட்டாள். அவள் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

குச்சியிலும் எனக்குக் கர்வம். கள்ளக்குறிச்சியில் கிடைத்த எந்தக் கொம்பும் எனக்கு நேராகத் தெரியவில்லை. கல்வராயன் மலையில், வெள்ளிமலையில், பள்ளிக்கூடத்துச் சுவர்க்கடிகாரம் பழுது பார்க்க வரச்சொல்லியிருந்தார்கள். அதைச் சாக்காக வைத்து முந்தின நாளே போய், தெரிந்தவர் ஒருவர் கொல்லையில் ஆள் உயரத்துக்கு நூல் பிடித்ததுபோல ஒரு மூங்கில் வெட்டி வாங்கிக்கொண்டேன். மறுநாள் சாலைமறியல் என்று பேச்சு இருந்தது. காலையிலேயே முடிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜீப்பின் மேலே மூங்கிலைக் கட்டி, கடுக்காய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, மலை இறங்கி வடக்கனந்தலைத் தாண்டுகிறோம், ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் படுத்துக் கிடக்கிறது. மணி ஒன்றரை. கள்ளக்குறிச்சிக்கு நடந்தால் மூன்று மணி நேரம் ஆகும்.

மரத்தின் மேல் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரோட்டில் சுண்ணாம்பால் கோரிக்கைகளை எழுதியிருந்தார்கள். நான் இறங்கி ஓடி, "கொஞ்சம் வழி விடுங்க, மூணு மணிக்குள்ள நான் ஊருல இருக்கணும்" என்றேன். தலையில் துண்டு கட்டிய ஒருவர் எழுந்து வந்தார். "இன்னா பாய், ஆஸ்பத்திரி கேஸுங்களா? அப்படின்னா தூக்கிக்கினு போயி அந்தாண்ட வுடுறோம்." "ஆஸ்பத்திரி இல்லீங்க. நிழல் பாக்கணும்." அவர் திரும்பி மரத்தைப் பார்த்தார். "நிழலா? வெட்டறதுக்கு முன்னாடி வந்து சொல்லியிருக்கக்கூடாதா?" மொத்தக் கூட்டமும் சிரித்துவிட்டது. அவர் வேறு யாருமில்லை. வருஷா வருஷம் பெருநாளைக்குக் கரும்புக் கட்டோடு வருகிற உன் ஏழுமலை மாமாதான். நான் அவரை முதன்முதலாகப் பார்த்தது அந்த ரோட்டில், அந்த வெயிலில்.

நான் நொந்துபோய் விஷயத்தைச் சொன்னேன். பாதிதான் சொல்லியிருப்பேன். ஏழுமலை துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்போ அந்த நிமிஷத்துக்கு சூரியன் அந்த ஊரு மேல நிக்குது. நாம சூரியனப் பாத்தா அந்த ஊரப் பாக்குறோம். அதானே?" என்றார். எனக்கு அஜ்ரத் மூன்று தடவை சொல்லிப் புரிந்தது அது. "கொம்புதான் மேல இருக்குதே பாய், இங்கயே நடுங்க. சூரியன் இன்னா கள்ளக்குறிச்சிக்கு மட்டுமா அடிக்குது?" என்று அவரே மூங்கிலை இறக்கினார். மே மாதத்து வெயிலில் தார் இளகிக் கிடந்தது. ரோட்டோரத்தில் மூங்கிலை நட்டுக் கல் வைத்து நிறுத்தினோம். ஒரு கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டு, செங்குத்தாக நிற்கிறதா என்று அவரே பார்த்துக்கொண்டார். வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு நல்ல பொழுதுபோக்கு. எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. காம்பஸை வைத்து, மூங்கிலின் அடியிலிருந்து நேர் கிழக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன். "நிமிஷம் வரட்டும், நிழல் இந்தக் கோட்டு மேல வந்து படுத்துக்கும் பாருங்க" என்று சவால் விட்டேன். ஜூலையிலும் ஒரு தடவை வரும், அப்போது படிப்பகத்துக்கே வாருங்கள், எல்லோருக்கும் டீ என்று அழைப்பும் விட்டேன். அட்டகாசம் தாங்கவில்லை.

முதலில் நிழல் என் கோட்டுக்குத் தெற்கே தள்ளிக் கிடந்தது. "இன்னும் நேரம் இருக்குதுல்ல, வரும்" என்றேன். கொஞ்சம் நகர்ந்து கோட்டை நோக்கி வந்தது. "பாத்தீங்களா?" என்றேன். அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. ஜீப் டிரைவர், மூட்டைக்காரர்கள், மறியல்காரர்கள் எல்லோரும் என் கைக்கடிகாரத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். நிமிஷம் வந்தது. என் கோட்டுக்கும் நிழலின் நுனிக்கும் நடுவே ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி. ஏழுமலை குந்தி உட்கார்ந்து, நிழல் மேல் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். நிழல் நுனியிலிருந்து மூங்கில் அடியைப் பார்த்து, அதற்கும் அப்பால் கண்ணை ஓட்டினார். "மேக்கு அந்தப் பனைமரம் பக்கம் பாய். இது மேக்கும் வடக்குமால்ல போவுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, என்னை நோகடிக்க வேண்டும் என்று துளியும் நினைக்காமல், "அப்போ உங்க சுவுரு கோணையா பாய்?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் "ஆமாம்" என்று சொல்லியிருந்தால் நான் மனிதன். என்ன சொன்னேன் தெரியுமா? "கடிகாரம் ஒரு அஞ்சு நிமிஷம் முன்னப்பின்ன ஆயிருக்கும், மலையில ரேடியோ சரியா எடுக்கல" என்றேன். கடிகாரக் கடைக்காரன், தன் கடிகாரத்தின் மேலேயே பழியைப் போட்டேன்! போட்டுவிட்டு ஜீப்புக்குள் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம்வரை வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்து மறியல் முடிந்ததும், ஏழுமலை மூங்கிலைப் பிடுங்கிக் கொண்டுவந்து மேலே கட்டினார். "பாய், நீங்க போனப்புறமும் நாங்க பாத்துக்கினே இருந்தோம். நிழலு நீண்டுக்கினே போச்சு, ஆனா..." என்று ஆரம்பித்தார். "சரிங்க, சரிங்க, நேரமாச்சு" என்று டிரைவரை முடுக்கிவிட்டேன்.

கள்ளக்குறிச்சியிலும் அன்று கடையெல்லாம் அடைப்பு, கூட்டம் நடக்கவில்லை. அஜ்ரத் திருக்கோவிலூரில் ஒரு நிக்காஹ் நடத்தப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். கேட்டவர்களிடமெல்லாம், "மறியல்ல சிக்கிட்டேன், நிழல் பாக்க முடியல, ஜூலையில வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் நம்பினார்கள். உன் அம்மா மட்டும் மூங்கிலைச் சுவரில் சாய்த்துவைக்கும்போது அதன் அடியைத் திருப்பிப் பார்த்தாள். "ஜீப்பு மேலயே கட்டிக்கினு வந்த கொம்புக்கு அடியில தாரு எப்படிங்க ஒட்டிச்சு?" என்றாள். நான் எரிந்து விழுந்தேன். அவள் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. ஒன்றரை மாதம் அந்த மூங்கில் வாசலிலேயே சாய்ந்து நின்றது. நான் போகும்போதும் வரும்போதும் அதன் அடியில் இருந்த கறுப்பைப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன். சின்னப் பொய்யைச் சுமப்பது அவ்வளவு பெரிய வேலை மகளே. அதற்குப் பேசாமல் மாடத்தை இடித்திருக்கலாம்.

ஜூலை வந்தது. படிப்பகத்து வாசலில் கூட்டம். பள்ளிவாசல் ஆட்கள், கடைத்தெரு ஆட்கள், சுப்பராயன், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள். அஜ்ரத் முன்வரிசையில் நாற்காலியில். மூங்கில் நட்டாயிற்று. அப்போது வடக்கனந்தல் பஸ்ஸிலிருந்து பத்துப் பதினைந்து பேர் இறங்கி வருகிறார்கள். முன்னால் ஏழுமலை. சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அவர் சிரித்துக்கொண்டே, "டீ உண்டுன்னு சொன்னீங்களே பாய்" என்றார். நான் மேலே பார்த்தேன். அல்லாஹ்வின் கருணை, வானத்தில் மேகம். நிமிஷம் நெருங்க நெருங்க மேகம் திரண்டு, சரியான நேரத்தில் சூரியனை மூடிவிட்டது. தரையில் நிழலே இல்லை. நான் வருத்தமான முகத்தோடு எழுந்து நின்று, "நிமிஷம் போயிடுச்சுங்க. அடுத்த வருஷந்தான். எல்லாரும் டீ சாப்டுட்டுப் போங்க" என்றேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உன்னிடம் மறைக்க மாட்டேன். மேகத்தைக் கும்பிடாத குறைதான்.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. ஏழுமலை மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "இன்னாத்துக்கு எழுந்துக்கிறீங்க? இருங்க, மேகம் நவுறட்டும். நம்ம ஊருல இந்த நிழலு எங்கயும் ஓடாது. அன்னிக்கு ரோட்ல பாய் கோடு போட்டுக் காட்டுனாருல்ல, நாங்க பொழுது சாயிற வரிக்கும் குந்திக்கினு பாத்தோம். நிழலு நீளுதே கண்டி நான் அது மேல போட்ட கோட்ட வுட்டு வெலகவே இல்ல" என்றார். அவர் எனக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். மொத்தக் கூட்டமும் என் பக்கம் திரும்பியது. எனக்கு இரண்டு அடி ஒரே நேரத்தில் விழுந்தது. நிழலைப் பார்க்கவில்லை என்ற பொய் போயிற்று. ஐந்து நிமிஷம் முன்னப்பின்ன ஆகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட பொய்யும் போயிற்று. சாயங்காலம்வரை நகராத நிழலுக்கு ஐந்து நிமிஷம் எந்த மூலைக்கு? ரேடியோவும் கைக்கடிகாரமும் வைத்துக்கொண்டு நான் பார்க்காததை, தினமும் வெயிலில் நின்று கரும்புக்குத் தண்ணி பாய்ச்சுகிற மனிதர் பார்த்துவிட்டார்.

அஜ்ரத் கேட்டார்: "அன்னிக்கு நீங்க பாத்தீங்களா?" குரலை உயர்த்தவில்லை. நான் உன் அம்மாவைத் தேடினேன். பெண்கள் பக்கம் நின்று, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தேன்" என்றேன். "நிழலு என் கோட்டுல விழல. சுவரு தப்பு. நான் மறைச்சுட்டேன்." சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. அதே நேரத்துக்கு மேகமும் விலகியது. ஏழுமலை சொன்னதுபோலவே நிழல் சுவரை மதிக்காமல், தன் பாட்டுக்குச் சாய்வாக விழுந்து கிடந்தது. பிள்ளைகள் முதல் பெரியவர்கள்வரை ஒவ்வொருவராக வந்து குந்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துவந்தேன். வாக்குக் கொடுத்தாயிற்றே. சுப்பராயன் தன் நட்சத்திரங்களைப் பார்த்து வாயில் துண்டை வைத்துக்கொண்டார். அஜ்ரத் நாற்காலியைவிட்டு எழுந்து வந்து என் கையிலிருந்து கடப்பாரையை வாங்கிச் சுவரில் சாய்த்தார். "சுவத்த எதுக்குங்க இடிக்கணும்? ஆளுங்க கொஞ்சம் திரும்பி நின்னா போதாதா?" என்றார்.

அவ்வளவுதான் பர்வீன். அன்று சாயங்காலமே அந்த நிழலுக்கு ஏற்ப உள்ளே தரையில் வரிசைக்கோடுகள் போட்டோம். அஜ்ரத் நூலின் ஒரு முனையைப் பிடித்தார், ஏழுமலை மறுமுனையைப் பிடித்தார், சுப்பராயன் பெயிண்ட் அடித்தார். நான் டீ ஊற்றினேன். ஆறு வயதில் நீ அந்தக் கோடுகள் மேல் நொண்டியாடிக்கொண்டே, "சுவரு நேரா இருக்குது, கோடு மட்டும் ஏன் அத்தா சாஞ்சு போவுது?" என்று கேட்டாய். ஏழுமலை அப்போது பக்கத்தில்தான் இருந்தார். நான் "அத்தாதான் கொம்பு நட்டுக் கண்டுபிடிச்சேன்" என்றேன். ஊர் முன்னால் ஒத்துக்கொண்டவனுக்கு உன் முன்னால் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. அந்த வயதில் நீ என்னை அண்ணாந்து பார்த்த பார்வை அப்படி. ஏழுமலை என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் உன்னிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த மறியலில் அவர் எதற்காக உட்கார்ந்தாரோ அந்த இடஒதுக்கீடு அவர் மகளுக்குக் கிடைத்தது. திருக்கோவிலூரில் டீச்சராக இருக்கிறாள், உனக்கே தெரியும். அவருக்கு வரவேண்டிய இந்தச் சின்னப் பேரை மட்டும் நான் அன்றிலிருந்து என் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

நேற்று அவருக்குப் போன் செய்து, பர்வீனுக்கு எல்லாவற்றையும் எழுதப்போகிறேன் என்றேன். "எழுதுங்க பாய். ஆனா நான் மரம் வெட்டுனத எழுதாதீங்க, நல்ல மரம் அது" என்றார். எழுதிவிட்டேன். அவரும் என்னைப்போல ஒன்றைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

அதனால் நீ அடுத்த வாரம் அந்தக் கூடத்தில் நிற்கும்போது என் கதையைத் தாராளமாகச் சொல், ஆனால் இந்தக் கதையைச் சொல். கிப்லா என்றால் மக்காவின் திசை என்று அவர்களுக்கு விளக்கிவிட்டு, ஒரு கர்வக்காரன் அதைத் தப்பாகப் பிடித்ததையும் ஒரு விவசாயி சரியாகப் பார்த்ததையும் சொல். வருகிறவர்களை ஒன்றும் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதே. அங்கேயும் யாராவது துண்டு கட்டாத ஏழுமலை கூட்டத்தில் இருப்பார், நீ பாதி சொல்லும்போதே மீதியைச் சொல்லிவிடுவார். சொல்லவிடு. தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல், அப்போதே சொல். ஒன்றரை மாதம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று பார்த்தாய் அல்லவா. நம் ஆட்கள் செய்ததெல்லாம் சரி என்று நிரூபிக்க உன்னை அங்கே யாரும் வைக்கவில்லை. சுவர் கோணையாக இருந்தால் கோணை என்று சொல்லிவிட்டு நட்சத்திரத்தைக் காட்டு. இரண்டும் நம்முடையதுதான்.

உன் அம்மா இதுவரை படித்துவிட்டு, "தாரு விஷயத்த எழுதுனீங்களா?" என்று கேட்டாள். எழுதினேன் என்றேன். முப்பத்தைந்து வருஷம் கழித்து அவள் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு.

மே மாதக் கடைசி பக்கத்தில் வந்துவிட்டது. அந்த மூங்கில் பரண்மேல்தான் கிடக்கிறது, அடியில் தார் அப்படியே இருக்கிறது. அன்றைக்கு மூன்றாக இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும்போது நானும் ஏழுமலையும் அதைப் படிப்பகத்து வாசலில் நடப்போகிறோம். உனக்கு அப்போது காலை பதினொன்றே கால் தாண்டியிருக்கும், உன் தலைக்கு மேலும் அதே சூரியன்தான். அருங்காட்சியகத்து வாசலில் நீயும் ஒரு கொம்பை நடு. உங்கள் ஊரில் நிழல் வேகமாக நகருமாம், நிமிஷம் தப்பக்கூடாது. கைக்கடிகாரத்தைச் சரி பார்த்துக்கொள். போகிற வருகிறவர்கள் என்ன இது என்று கேட்பார்கள், கேட்கட்டும். நீ போட்ட கோட்டை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு. நானும் போன் செய்வேன். மேகம் வந்தால் மேகம் வந்தது என்பேன். வராவிட்டால், நிழல் எங்கே விழுந்ததோ அங்கேதான் விழுந்தது என்று சொல்வேன்.

உன் அத்தா